தம்பிப்பிள்ளையருக்குக் கண்ணீர் அஞ்சலி

பஸ்ரியாம்பிள்ளை எங்கே இருக்கிறார் என்று தீவுப்பகுதியில் யாரையாவது விசாரித்துப் பாருங்கள். எந்தப் பஸ்ரியாம்பிள்ளை என்று திருப்பிக் கேட்பார்கள். ஊர்காவற்றுறையில் மட்டும் அந்தப் பெயரில் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். தம்பிப்பிள்ளையர் எங்கே என்று கேட்டால் கதை வேறு. பஸ் நடத்துனர் தொடக்கம் கோயில் ஐயர் வரை எல்லாரும் கொடுப்புக்குள் சிரித்துக்கொண்டு வழி காட்டுவார்கள். 'ஐந்து கதிரை' என்ற தொலைக்காட்சி நாடகத்தில் அவர் போட்ட வேடத்தின் பெயர் அது. நாடகம் நின்று பதினெட்டு வருடமாகியும் மனிதரை விட்டு அந்தப் பெயர் போகவில்லை.

அதில் அவருக்குப் பெண்சாதியாக, பூரணம் என்ற பெயரில் நடித்தவர் வேலணை சறோஜினிதேவி ரீச்சர், உண்மையிலேயே பள்ளிக்கூடம் படிப்பித்தவர். இது ரீச்சரின் கதை.

சமாதானம் என்று சொல்லப்பட்ட அந்த மூன்று நான்கு வருடங்களில், சொந்தக்காரர் வெளிநாடு போய்ப் பூட்டிக் கிடந்த புங்குடுதீவு வீடு ஒன்றைத் திறந்து எடுத்த நாடகம். ஒரு குடும்பம், ஆறு பேர், வீட்டில் குந்த ஐந்து கதிரை. அவ்வளவுதான் சங்கதி. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தம்பிப்பிள்ளையர் எங்கிருந்தாவது ஆறாவது கதிரையைக் கொண்டு வருவார். அரைமணித்தியாலம் முடிவதற்குள் அது எப்படியோ போய்விடும். கலியாண வீட்டுக்கு இரவல் போகும், கறையான் தின்னும், மாமனார் இருந்து முறிப்பார். கடைசியில் தம்பிப்பிள்ளையர் சுவரோடு சாய்ந்து நின்றபடி தேத்தண்ணி குடிப்பார். அந்த மனிதர் நிற்கிற நிலையைப் பார்த்தே சனம் வயிறு நோகச் சிரித்தது. சிரிப்பதற்கு வேறு என்ன இருந்தது அந்த நாளில்?

2006 ஓகஸ்டில் சண்டை மூண்டது. பாதையைப் பூட்டி ஊரடங்குச் சட்டம் போட்டார்கள், நாடகமும் அதோடு நின்றது. அன்று நடிப்பு முடித்து ஊர்காவற்றுறைக்குத் திரும்பிக்கொண்டிருந்த கடற்றொழிலாளியான பஸ்ரியாம்பிள்ளை வழியில் வேலணையில் மாட்டுப்பட்டு, கரையிலிருந்த மீன்வாடி ஒன்றில் ஒதுங்கினார். இரண்டாம் நாள் ரீச்சரின் மகன் சுஜிதனுக்கு வயிற்றுக்குத்து. பத்து வயதுப் பிள்ளை நிலத்தில் சுருண்டு கிடந்து துடித்தான். இது குடல்வால், உடனே யாழ்ப்பாணம் கொண்டுபோய் வெட்டாவிட்டால் பிள்ளை தப்பாது என்று அயலில் வைத்தியம் பார்த்த பழைய அப்போதிக்கரி சொல்லிவிட்டார்.

யாழ்ப்பாணம் கண்ணுக்கு நேரேதான் தெரிந்தது. ஆனால் கடலுக்குக் குறுக்கே போகிற தாம்போதிப் பாதை பூட்டு. மிச்சம் இருந்தது கடல். ரீச்சரின் கணவர் முருகேசு, நிறையக் காணியும் பெரிய குரலும் உள்ளவர், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கரை வரைக்கும் வந்தார். கடலைப் பார்த்தார். அப்படியே மணலில் குந்திவிட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. அந்த நாட்களில் கடலில் இறங்கிய பலர் திரும்பி வரவில்லை.

வாடியிலிருந்து பஸ்ரியாம்பிள்ளை எழும்பி வந்தார். ஒரு சின்ன வள்ளத்தைத் தண்ணீரில் தள்ளினார், பிள்ளையை வாங்கிப் படுக்க வைத்தார், ரீச்சரின் கையைப் பிடித்து ஏற்றினார். வெள்ளைச் சாரம் ஒன்றைத் தடியில் கொடிபோலக் கட்டி உயர்த்திவிட்டு, நீண்ட கம்பால் வள்ளத்தை ஊன்றித் தள்ளத் தொடங்கினார். நல்ல வெயில் நேரம். பாதிக் கடலில் வெடிச்சத்தம் கேட்டது. ரீச்சர் பிள்ளைக்கு மேல் கவிழ்ந்து படுத்தார். அந்த மனிதர் இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு எழும்பி நின்று, பிள்ளையைத் தூக்கிக் காட்டச் சொன்னார். பத்து வயதுப் பிள்ளையைத் தலைக்கு மேல் எப்படித் தூக்கினேன் என்பது இன்றுவரை ரீச்சருக்கே விளங்காது. தூக்கினார். வெடி நின்றது. நாவாந்துறையில் இருவரையும் இறக்கி விட்டுவிட்டு அவர் ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனார். இன்னும் இரண்டு மணித்தியாலம் சுணங்கியிருந்தால் பிள்ளை இல்லை என்று வெட்டிய டொக்டர் சொன்னார்.

ரீச்சர் ஊருக்குத் திரும்ப ஒரு மாதம் ஆனது. அதற்குள் முருகேசு பஸ்ரியாம்பிள்ளையிடம் வாக்கு வாங்கி வைத்திருந்தார். ஊரடங்குக்குள் வள்ளம் விட்டது வெளியே தெரிந்தால் எல்லாருக்கும் ஆபத்து, ஒருவருக்கும் மூச்சுக்காட்டக் கூடாது, சொந்தப் பெண்சாதிக்கும்தான். அது பாதி உண்மை. மற்றப் பாதியை அவர் வாய் திறந்து சொல்லவில்லை. தான் மணலில் குந்தியிருக்க, ஒரு கடற்றொழிலாளி தன் பிள்ளையை அக்கரை சேர்த்தான் என்று நாலுபேர் கதைப்பதை அவரால் தாங்க முடியாது. பிறகு ஆபத்துப் போனது, சண்டை ஓய்ந்தது, பாதை திறந்தது. வாக்கு மட்டும் அப்படியே இருந்தது.

ஊர் சும்மா இருக்குமா? தம்பிப்பிள்ளையர் நாலு நாள் வேலணையில் நின்றதும், பூரணத்தைக் கைபிடித்து வள்ளத்தில் ஏற்றியதும் யாரோ தூரத்திலிருந்து கண்டிருக்கிறார்கள். படுத்திருந்த பிள்ளை அந்தக் கண்ணுக்குத் தெரியவில்லை. நாடகத்தில் புருசன் பெண்சாதி, வெளியிலும் அப்படித்தானாக்கும் என்று கதை கட்டிவிட்டார்கள். அது பஸ்ரியாம்பிள்ளையின் மனைவி எமிலியின் காதுக்குப் போகாமல் இருக்குமா? அதற்குப் பிறகு ஊர்காவற்றுறைச் சந்தையில் ரீச்சரைக் கண்டால் எமிலி மீன் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ரீச்சரும் கண்டும் காணாமல் போவார். வேறென்ன செய்வது?

நமது ஆட்கள் நன்றி என்ற சொல்லை வாயால் சொல்லிப் பழகியவர்கள் இல்லை. ஒரு வாழைக்குலை போகும், பொங்கலன்று ஒரு சட்டி பொங்கல் போகும், பிள்ளையின் கலியாணத்துக்கு முதல் ஆளாக அழைப்புப் போகும். வாங்குகிறவருக்கு விளங்கிவிடும். ரீச்சரால் அந்த வீட்டுக்கு ஒரு மாங்காய்கூட அனுப்ப முடியவில்லை. சுஜிதன் படித்தான், வேலை எடுத்தான், நிசாந்தினியைக் கைப்பிடித்து யாழ்ப்பாணத்தில் குடியிருக்கிறான். ஒவ்வொரு நல்ல காரியத்திலும் ரீச்சர் பந்தியில் சோற்றை அளைந்துகொண்டிருப்பார். இந்தப் பிள்ளை இருக்கிறது யாரால் என்று தனக்குள்ளேயே கேட்பார். அந்த மனிதரிடம் ஒரு சொல் சொல்லாமல் கண்ணை மூடிவிடுவேனோ என்ற பயம் அவருக்கு வரவரக் கூடியது. இரண்டு வருடத்துக்கு முன் முருகேசு காலமானார். அதற்குப் பிறகாவது போயிருக்கலாம். எந்த முகத்தோடு எமிலியின் வாசலில் போய் நிற்பது?

இப்படியிருக்கத்தான் லியோன் என்ற இளம் இயக்குநர் வந்து 'ஐந்து கதிரை'யைத் திரும்ப எடுக்கப்போவதாகச் சொன்னார். பழைய துண்டுகளைச் சனம் இன்னும் கைபேசியில் அனுப்பிச் சிரிக்கிறதாம். ஆனால் லியோன் எடுக்க நினைத்தது சிரிப்பு நாடகம் இல்லை, கனமான நாடகம். அதே வீடு, அதே ஐந்து கதிரை, பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில், இரண்டு கிழடுகள் மட்டும் மிச்சம். எட்டுப் பாகம். ரீச்சர் கதையைக்கூடக் கேட்கவில்லை. பஸ்ரியாம்பிள்ளை நடிக்கிறாரா என்று கேட்டார், ஓம் என்றதும் சம்மதித்துவிட்டார். ஒரு தனிமை கிடைக்கும், அந்தச் சொல்லைச் சொல்லிவிடலாம் என்பது அவருடைய கணக்கு.

கிடைத்ததா? படப்பிடிப்பில் மைக்கைச் சட்டையில் குத்திவிட்டால் மூச்சு விட்டாலும் பத்துப் பேருக்குக் கேட்கும். மைக்கைக் கழற்றினால் யாராவது முகப்பவுடரோடு வந்து நிற்பார்கள். பஸ்ரியாம்பிள்ளையோ வாக்குக்குப் பயந்து, வசனம் தவிர வேறு கதையே வைத்துக்கொள்ளவில்லை. வணக்கம் ரீச்சர், போயிட்டு வாறன் ரீச்சர், இவ்வளவுதான். சரி, எட்டாம் பாகத்தின் கடைசி நாள், எல்லாம் ஏறக்கட்டியதும் சொல்லுவோம் என்று ரீச்சர் தேதியைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார்.

எட்டாம் பாகம் வந்தால்தானே. சிரிக்கலாம் என்று வந்து குந்திய சனம் முதல் பாகத்தில் முழித்தது, இரண்டாம் பாகத்தில் அழுதது, மூன்றாம் பாகத்தில் ஏசத் தொடங்கியது. எங்கள் தம்பிப்பிள்ளையரை ஏனடா இப்படி வதைக்கிறீர்கள் என்று தொரொன்ரோவிலிருந்தும் சூரிச்சிலிருந்தும் எழுதினார்கள். நாலாம் பாகத்தோடு தொலைக்காட்சிக்காரர் கையைத் தூக்கிவிட்டார்கள். ஐந்தாவதோடு முடி என்று உத்தரவு. எப்படி முடிக்கிறது என்று தெரியாமல் தலையைப் பிய்த்த லியோன், தம்பிப்பிள்ளையரைச் சாகடித்துவிட்டார். வெளிநாட்டு மகன் வாகனத்தில் வந்து இறங்க, வேலணைச் சந்தியில் தகப்பனின் அஞ்சலிப் பதாகை தொங்கவேண்டும், அதுதான் காட்சி. சனிக்கிழமை பின்னேரமே பதாகையை அடித்துக் கட்டிவிட்டு, காட்சியை மறுநாள் எடுக்கலாம் என்று அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள்.

ரீச்சர் அப்போது மூன்று நாளாக மகன் வீட்டில். கதை மாறிய விவரத்தை லியோன் வட்சப்பில் அனுப்பித்தான் இருந்தார். கைபேசியில் அந்த எறும்பு எழுத்தை ரீச்சரால் வாசிக்க முடியாது, நிசாந்தினிதான் வாசித்துச் சொல்வாள், அவளுக்கு அந்தக் கிழமை வேலைக் கரைச்சல். ஞாயிறு காலை ரீச்சர் ஒன்றும் அறியாமல் வேலணைக்குப் பஸ் ஏறினார்.

மண்டைதீவு கழிந்தது, அல்லைப்பிட்டி கழிந்தது. வேலணைச் சந்தியில் இறங்கி நிமிர்ந்தால், மின்கம்பத்துக்கும் வேப்பமரத்துக்கும் நடுவே பஸ்ரியாம்பிள்ளையின் முகம். கண்ணீர் அஞ்சலி. அமரர் தம்பிப்பிள்ளை.

ரீச்சர் அதை இரண்டு தரம் வாசித்தார். இளைஞர்கள் யாரோ ஊர் அறிந்த பெயரிலேயே அடித்துக் கட்டியிருக்கிறார்கள் என்றுதான் அவர் நினைத்தார். அவரை மட்டும் சொல்வானேன்? சந்தியில் நின்ற ஓட்டோக்காரரும் அப்படித்தான் நினைத்திருந்தார். ஓம் ரீச்சர், நேற்றுப் பின்னேரம் கட்டினவை, நல்ல மனுசன், எங்களையெல்லாம் எவ்வளவு சிரிக்க வைத்தவர் என்று சொல்லி அவரும் கண்ணைத் துடைத்தார். ஊர்காவற்றுறைக்கு விடச் சொல்லி ரீச்சர் ஏறிக் குந்தினார். வழி முழுக்க அவருக்கு ஒரே நினைப்பு. பக்கத்துக் கதிரையில் நாலு பாகம் இருந்தாரே, பாவி, நீ ஒரு சொல் சொன்னாயா என்று தன்னையே கேட்டுக்கொண்டு போனார்.

வீட்டு வாசலில் இறங்கியதும் இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போயிற்று. முற்றத்தில் வாடகைக் கதிரைகள் அடுக்கியிருந்தன. பந்தல் குழாய்கள் கிடந்தன. ஒரு பொதி வெள்ளைத் துணி. லியோனின் ஆட்கள் செத்தவீட்டுக் காட்சிக்கென்று எடுத்துவந்து, வாகனம் வரும்வரை அங்கே இறக்கிவிட்ட சாமான்கள் அவை. அது ரீச்சருக்கு எப்படித் தெரியும்? இதற்குமேல், உள்ளேயிருந்து எமிலி வெள்ளைச் சேலையோடு வெளியே வந்தார். தேவாலயத்து முதல் பூசைக்குப் போய்விட்டு வந்து இன்னும் உடுப்பு மாற்றவில்லை. ஞாயிறு பூசைக்கு எமிலி எப்போதும் வெள்ளைதான் உடுப்பார். சைவக்காரியான ரீச்சரின் கண்ணுக்கு அந்தச் சேலை ஒன்றைத்தான் சொன்னது.

செத்தவீட்டில் பெண்கள் என்ன செய்வார்களோ அதை ரீச்சர் செய்தார். ஓடிப்போய் எமிலியைக் கட்டிப்பிடித்து, தோளில் முகத்தை வைத்துக் குழறி அழுதார். எமிலி திகைத்துப்போய் விலக்கப் பார்த்தார். ரீச்சர் விட்டால்தானே.

"எமிலி, என்ரை பிள்ளையைக் காப்பாத்தினவர் இவர்தான். ஊரடங்குக்குள்ளை வள்ளத்திலை வைச்சு நாவாந்துறைக்குக் கொண்டுபோய் விட்டவர். வெடி வைக்க, எங்கள் ரெண்டு பேருக்கும் முன்னாலை எழும்பி நிண்டவர். ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதெண்டு என்ரை மனுசன் இவரிட்டை வாக்கு வாங்கிப்போட்டார். நான் ஒரு சொல்லுச் சொல்லேல்லை, எமிலி. பதினெட்டு வருஷம் ஒரு சொல்லுச் சொல்லேல்லை."

விலக்கிக்கொண்டிருந்த எமிலியின் கை நின்றது. பிறகு அந்தக் கை மெல்ல ரீச்சரின் முதுகுக்கு வந்தது. எமிலி கேட்டார்:

"எந்த மாசம், ரீச்சர்?"

ஓகஸ்ட் என்றார் ரீச்சர்.

"நாலு நாள் வீட்டை வராமல் வேலணையிலை நிண்டாரே, அதிலையோ?"

ஓம் என்று ரீச்சர் தலையை ஆட்டினார். எமிலி அடுக்கியிருந்த கதிரைகளில் ஒன்றை இழுத்துப் போட்டு இருந்துவிட்டார். அவருக்கும் கண்ணால் நீர் ஓடியது. ரீச்சரின் கையை விடாமல், இன்னொருக்கால் சொல்லச் சொன்னார். ரீச்சர் முதலிலிருந்து சொன்னார். சுருண்டு கிடந்த பிள்ளை, மணலில் குந்திய முருகேசு, வெள்ளைச் சாரம், வெடி, தூக்கிய பிள்ளை. எல்லாம் முடிந்தபிறகு எமிலி முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டுச் சொன்னார்:

"அவர் சாகேல்லை, ரீச்சர். கோயிலிலை கூட்டமெண்டு நிக்கிறார். முதலே சொல்ல வாயெடுத்தனான், நீங்கள் வள்ளமெண்டு தொடங்கினியள். நிப்பாட்ட எனக்கு மனம் வரேல்லை."

ரீச்சருக்கு ஒரு நிமிடம் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்துக் கதிரையில் தொப்பென்று இருந்தார். எமிலி ஒவ்வொன்றாகச் சொன்னார், லியோன் கதையை மாற்றியது, பதாகை கட்டியது, சாமான் இறக்கியது. அந்தப் பதாகையில் பெரிய குத்துவிளக்கு ஒன்று போட்டிருக்கிறதே, வேதக்காரருக்கு யாராவது குத்துவிளக்கா போடுவார்கள், முப்பது வருடம் படிப்பித்த ஆளுக்கு அதுகூடத் தெரியவில்லையா என்று கேட்டு எமிலிதான் முதலில் சிரித்தார். பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர்கள் இருவரும் ஒன்றாக இருந்து சிரித்தது வாழ்க்கையில் அதுதான் முதல்தடவை. கடவுளே, அந்தப் பதாகையைக் கட்டினவன் நல்லாயிருக்கட்டும் என்று ரீச்சர் மனதார வாழ்த்தினார்.

சைக்கிள் சத்தம் கேட்டது. பஸ்ரியாம்பிள்ளை படலையைத் திறந்துகொண்டு வந்தார். முற்றத்தில் செத்தவீட்டுக் கதிரைகள், அதில் கண் சிவந்த இரண்டு பெண்கள், ஒருத்தி தன் பெண்சாதி, மற்றவர் ரீச்சர். மனிதர் சைக்கிளைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

ரீச்சர் எழும்பினார். இவ்வளவு நேரம் செத்தவருக்குக் கொட்டிய வாய், உயிரோடு வந்து நின்றவருக்கு முன்னால் அடைத்துக்கொண்டது. எமிலிதான் உதவிக்கு வந்தார். ரீச்சர் எல்லாம் சொல்லிப்போட்டா என்றார். பஸ்ரியாம்பிள்ளை நிலத்தைப் பார்த்தபடி, முருகேசருக்குத் தான் குடுத்த வாக்கு என்று என்னவோ மெல்லத் தொடங்கினார்.

"அவரும் போயிட்டார், நீங்களும் சந்தியிலை தொங்கிறியள். இனி ஆருக்கு வாக்கு?" என்றார் எமிலி. "நான் ஒருநாளாவது வாய் திறந்து கேட்டிருக்கலாம்."

பஸ்ரியாம்பிள்ளை சைக்கிளைச் சுவரில் சாத்தினார். "கேட்டிருந்தால் நான் உமக்குப் பொய் சொல்லியிருப்பன்," என்றார். "நீர் கேக்கேல்லை. ஊர் அவ்வளவு கதைச்சும் நீர் கேக்கேல்லை. அதுக்கு நான் ஒவ்வொரு பூசையிலையும் ஆண்டவருக்கு நன்றி சொன்னனான்."

எமிலி எழும்பிப் போய் அவர் தோளில் ஒட்டியிருந்த ஏதோ தூசியைத் தட்டிவிட்டார்.

ரீச்சருக்கு அப்போதுதான் வாய் திறந்தது. உங்களாலைதான் அண்ணை எனக்குப் பிள்ளை, நன்றி அண்ணை என்றார். இவ்வளவு வருடம் சுமந்த சொல் அவ்வளவு சின்னதாகவே இருந்தது. அவர் அதைத் தலைகுனிந்து வாங்கிக்கொண்டார். பையன் படித்ததும், வேலை எடுத்ததும், கலியாணம் முடித்ததும் ஊர் வாயிலாக அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? ஆனால் நேரே கேட்டால் வாக்கு முறிந்துவிடும் என்று அடக்கி வைத்திருந்த கேள்வி ஒன்று அவரிடமும் இருந்திருக்கிறது. பிள்ளையை நாவாந்துறைக் கரையில் இறக்கிவிட்டுத் திரும்பிய அன்றிலிருந்து இருந்திருக்கிறது. அதை அவர் நேற்று நடந்த காரியத்தைக் கேட்பதுபோலக் கேட்டார்.

"ரீச்சர், பெடியன்ரை தையல் ஆறிட்டுதோ?"

"ஆறிட்டுது, அண்ணை," என்றார் ரீச்சர். "இண்டைக்குப் பின்னேரமே வந்து உங்களுக்குக் காட்டச் சொல்லுறன்."